வானத்தில் யார் யாருக்கு வழி விட வேண்டும்? பைலட்டுகளின் அடிப்படை விதிகள் பற்றிச் சில சந்தேகங்கள்

தேனி பாண்டி:

வணக்கம் நண்பர்களே. என் அக்கா பையன் பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். இப்போது ஏர் ரெகுலேஷன்ஸ் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், சாயங்காலம் ஆனால் போன் போட்டு என்னைக் கேள்வி கேட்கச் சொல்கிறான். நான் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், விமானத்தைப் பற்றி ஜன்னல் சீட்டைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. எத்தனை அடி, எத்தனை நாட், எத்தனை கிலோமீட்டர் என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டால் டக் டக்கென்று சொல்லிவிடுகிறான். அது ஏன் அப்படி என்று கேட்டால் மட்டும் "புக்ல அப்படித்தான் மாமா இருக்கு" என்கிறான்.

எனக்கு மூன்று சந்தேகம். வானத்தில் ரோடும் இல்லை சிக்னலும் இல்லை, எதிரே இன்னொரு விமானம் வந்தால் யார் ஒதுங்குவது? கீழே டவரில் இருப்பவர் சொல்வதுதான் கடைசி வார்த்தையா, இல்லை பைலட் மறுக்கலாமா? அப்புறம், நூற்றுக்கணக்கில் விதி இருக்கிறதே, அதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டியது எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பையனுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

சேலம்செஸ்னா:

அண்ணே, சின்ன விமானங்களில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை, அதனால் முதல் கேள்விக்கு நான் வருகிறேன், மற்றதைப் பெரிய விமானக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு விமானம் நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேருமே வலது பக்கம் திரும்ப வேண்டும். கேட்க சுலபமாக இருக்கும், ஆனால் நம் பிள்ளைகள் சைக்கிள் காலத்திலிருந்து எதிரே வண்டி வந்தால் இடது பக்கம் ஒதுங்கியே வளர்ந்தவர்கள், கை தானாக இடது பக்கம்தான் போகும். வானத்தில் உலகம் முழுக்க வலதுதான். குறுக்கே வந்தால், எவனுக்கு வலது கைப் பக்கம் மற்றவன் இருக்கிறானோ அவன் வழி விட வேண்டும். முந்துகிறவன் முன்னால் போகிறவனுக்கு வலது பக்கமாக விலகி முந்த வேண்டும். தரையிறங்க வருபவனுக்கு மற்றவர்கள் வழி விட வேண்டும், இரண்டு பேர் இறங்க வந்தால் கீழே இருப்பவனுக்கு முன்னுரிமை, ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தாழப் பறந்து குறுக்கே புகுந்து இடம் பிடிக்கக் கூடாது. எஞ்சின் இல்லாதவனுக்குத்தான் முதல் மரியாதை, பலூனுக்கும் கிளைடருக்கும் எஞ்சின் உள்ள விமானம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஆபத்தில் இருப்பவனுக்கு எல்லோருமே ஒதுங்க வேண்டும்.

இரவில் எப்படித் தெரியும் என்று பையன் கேட்பான். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. உங்கள் வலது பக்கத்திலிருந்து குறுக்கே வருபவன் தன் இடது பக்கத்தை உங்களுக்குக் காட்டிக்கொண்டு வருகிறான், ஆகவே உங்கள் கண்ணுக்குச் சிவப்பு தெரியும், நீங்கள்தான் வழி விட வேண்டும். பச்சை தெரிந்தால் அவன் இடது பக்கத்திலிருந்து வருகிறான், அவன் உங்களுக்கு வழி விட வேண்டியவன். இதை ஒரு தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இருக்காது. ஒன்று மட்டும், நமக்குத்தான் உரிமை என்று நேராகப் போய்க்கொண்டே இருப்பதற்கு விதியில் இடமில்லை. உரிமை உள்ளவனும் மோதலைத் தவிர்க்கக் கடமைப்பட்டவன்தான்.

சரி, அந்த அடி, கிலோமீட்டர் எல்லாம் எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள் அவனுக்கு. ஆளுக்கு 100 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) இரண்டு செஸ்னா, அதாவது சின்னப் பயிற்சி விமானங்கள், எதிரெதிரே வந்தால் இடைவெளி மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் சுருங்கும், கிட்டத்தட்ட வினாடிக்கு 100 மீட்டர். கண்ணால் பார்த்து ஓட்டும் விஎஃப்ஆர் பறப்புக்கு 10,000 அடிக்குக் கீழே 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்கிறது விதி. அதாவது பார்க்க, புரிந்துகொள்ள, திரும்ப, எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வினாடிக்கும் குறைவு. 250 நாட் வேகத்தில் இரண்டு பேர் வந்தால் அது 20 வினாடி கூட இல்லை. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஏன் வைத்திருக்கிறார்கள், அதற்கு மேலே போனால் பார்வைத் தூரம் ஏன் 8 கிலோமீட்டர் ஆகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலும் கீழும் 1,000 அடியும் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான், மேகத்துக்குள்ளிருந்து கருவிகளை மட்டும் நம்பி ஒருவன் வெளியே வரலாம், அவனைப் பார்த்து விலக உங்களுக்கு நேரம் வேண்டும்.

மேகத்துக்குள் போகாதே என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அடிவானம் தெரியாவிட்டால் நம் காது பொய் சொல்லும், விமானம் சாய்ந்து சுழன்றுகொண்டிருக்கும்போது நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். 1954-இல் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறப்பு தெரியாத 20 பேரை உட்கார வைத்து, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிடம் கூட இல்லை. என் மாணவர்கள் யாராவது "சின்ன மேகம்தான் சார், ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம்" என்றால் இந்த எண்ணைத்தான் சொல்வேன். நம் நாட்டில் சூரியன் மறைந்து 20 நிமிடத்திலிருந்து மறுநாள் உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு வரை விஎஃப்ஆர் பறப்புக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

உயரக் கணக்கு இன்னும் எளிது. ஊருக்கு மேலே பறந்தால், சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான கட்டிடத்தையோ கோபுரத்தையோ விட 1,000 அடி மேலே, மற்ற இடங்களில் குறைந்தது 500 அடி. எஞ்சின் நின்றுவிட்டால் கீழே இருப்பவர் தலையில் இறங்காமல் ஒரு காலி இடத்துக்கு மிதந்து போக உயரம்தான் ஒரே சேமிப்பு. சொந்த ஊர் மேலே தாழப் பறந்து வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் அம்மாவுக்குக் கை காட்டும் ஆசை எல்லாப் பையன்களுக்கும் வரும். வேண்டாம் என்று மாமா முறையில் நீங்களே சொல்லி வையுங்கள்.

வாலில்லாக்காற்றாடி:

இவ்வளவு தேவையா? மேலே கிளம்பியதும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு காபி குடிக்கிறார்கள் என்றுதான் கேள்வி. டவரில் சொல்வதைக் கேட்டால் போதும், மிச்சத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

டவர்பாலு:

டவரில் சொல்வதைக் கேட்டால் போதும் என்று எழுதியிருக்கும் தம்பிக்கும் பாண்டிக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற கன்ட்ரோலர், ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன்.

வானத்தில் ரோடு இல்லை என்பது சரியில்லை. வழித்தடங்கள் உண்டு, அவை மாடி மாடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்குப் பாதியில் எந்தத் திசையில் போனாலும் ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்குப் பாதி என்றால் இரட்டைப்படை. சென்னையிலிருந்து மும்பை போகும் விமானம் 32,000, 34,000, 36,000 அடி என்று போகும், மும்பையிலிருந்து சென்னை வருவது 33,000, 35,000, 37,000. ஆக எதிரெதிரே வருபவர்களுக்கு நடுவே எப்போதும் 1,000 அடி. முன்பெல்லாம் 29,000 அடிக்கு மேலே 2,000 அடி இடைவெளி விட வேண்டியிருந்தது, கருவிகள் துல்லியமான பிறகு நம் நாட்டில் 2003 நவம்பரில் அதையும் 1,000 ஆக்கினார்கள்.

அந்த 1,000 அடி, உயரம் காட்டும் கருவியான ஆல்டிமீட்டரை நம்பி நிற்கிறது, ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை நம்பி நிற்கிறது. மேலே எல்லோரும் ஒரே எண்ணை, 1013 ஹெக்டோபாஸ்கலை, வைத்துக்கொள்வார்கள். கீழே இறங்கி வரும்போது அந்தந்த விமான நிலையத்தின் அழுத்தத்தை டவர் சொல்லும், அதை மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? வங்கக்கடலில் புயல் சின்னம் இருக்கும் நாளில் சென்னையில் அழுத்தம் 1000-க்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குக் கிட்டத்தட்ட 30 அடி. 1013-ஐ மாற்றாமல் வருபவருக்குக் கருவி 2,000 அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் 1,600 அடிப் பக்கத்தில்தான் இருக்கும். இருட்டு, மழை, கீழே பரங்கிமலை. பையனை இந்த ஒரு கணக்கை நாலு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொன்ன உயரத்தில் நில் என்ற விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி ஜம்போ ஜெட்டுக்கு 14,000 அடி, டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே விமானம் வருகிறது என்று கன்ட்ரோலர் எச்சரித்தும் இருந்தார். கஜகஸ்தான் விமானம் 15,000-த்தில் நிற்காமல் இறங்கியது. 349 பேர், ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. அந்த விமானத்தில் ரேடியோ பேசியவர் தனியாக ஒருவர், உயரத்தைப் பார்க்க அவர் முன்னால் கருவி இல்லை, ஆங்கிலமும் அவர்களுக்குச் சிரமம். டெல்லியில் அப்போது வருவதற்கும் போவதற்கும் ஒரே தடம்தான் இருந்தது, உயரத்தைக் காட்டும் ரேடாரும் அன்றைக்குப் பயன்பாட்டில் இல்லை. அதன் பிறகுதான் தடங்களைப் பிரித்தார்கள், இந்திய வானத்தில் பறக்கும் பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் ஆனது.

ரேடியோவில் சொன்னதைத் திருப்பிச் சொல்வது என்று ஒரு விதி இருக்கிறது, மாணவர்கள் பலர் அதைச் சடங்கு என்று நினைக்கிறார்கள். உயரம், திசை, ஓடுபாதை எண், அழுத்தம், அனுமதி எதுவானாலும் பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், நாங்கள் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். "ரோஜர்" என்று மட்டும் சொன்னால் விடக் கூடாது. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் டெனரிஃப் விமான நிலையத்தில் மூடுபனி, இரண்டு ஜம்போ ஜெட்டுகள் ஒரே ஓடுபாதையில். கேஎல்எம் விமானம் புறப்படத் தயார் என்ற பொருளில் எதையோ சொல்ல, டவர் "ஓகே" என்றது, அடுத்து காத்திரு என்று சொன்னதும், ஓடுபாதையில் இன்னும் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதி ரேடியோவில் வெறும் கீச்சென்ற சத்தமாகப் போனது. அனுமதி கிடைக்காமலே கேஎல்எம் ஓட ஆரம்பித்துவிட்டது. 583 பேர். அன்றிலிருந்து "டேக் ஆஃப்" என்ற சொல்லை, கிளம்பு என்று உண்மையாகவே அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும்தான் பயன்படுத்துகிறோம். மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்".

இப்போது பாண்டியின் இரண்டாவது கேள்வி. டவர் சொல்வது கடைசி வார்த்தையா? இல்லை, கன்ட்ரோலராக இருந்த நானே சொல்கிறேன். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு டிஎச்எல் சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்கின. ரஷ்ய விமானத்தின் எச்சரிக்கைக் கருவி மேலே ஏறு என்றது, கன்ட்ரோலர் கீழே இறங்கு என்றார், அவர்கள் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார்கள். சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி சரியாக இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் போனார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். இன்றைக்கு விதி தெளிவு, அந்தக் கருவி ஏறு இறங்கு என்று கட்டளை கொடுத்தால் பைலட் அதைத்தான் செய்ய வேண்டும், கன்ட்ரோலர் வேறு சொன்னாலும் சரி, செய்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னால் போதும்.

மற்ற நேரத்திலும் பைலட் "முடியாது" என்று சொல்லலாம், ரேடியோவில் அதற்கு "அனேபிள்" என்ற ஒரே சொல். விமானத்தின் பாதுகாப்புக்குக் கடைசிப் பொறுப்பு கேப்டனுடையது, அவசரத்தில் அவர் எந்த விதியிலிருந்தும் தேவையான அளவுக்கு விலகலாம். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவை அடித்து இரண்டு எஞ்சினும் போனபோது கன்ட்ரோலர் பக்கத்து விமான நிலையங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார், கேப்டன் சல்லன்பெர்கர் முடியாது என்று சொல்லி ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள்.

வலதுசீட்:

பாலு சாருக்கு வணக்கம். நான் ஒரு ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட். காற்றாடி தம்பி, காபி குடிப்பது உண்மைதான், ஆனால் 10,000 அடிக்கு மேலேதான். அதற்குக் கீழே பறக்கும் நேரத்தில் விமானத்துக்கு வேண்டியதைத் தவிர வேறு பேச்சே கூடாது. ஊர்க்கதை கிடையாது, சம்பளம், கிரிக்கெட் எதுவும் கிடையாது, கேபின் பணியாளர்களும் அவசரம் இல்லாமல் கூப்பிட மாட்டார்கள். 1974-இல் அமெரிக்காவில் சார்லட் நகரத்தில் மூடுபனியில் இறங்கிக்கொண்டிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தின் பைலட்டுகள் அரசியல், பழைய கார் என்று பேசிக்கொண்டே உயரத்தைக் கோட்டை விட்டார்கள். அதன் பிறகு 1981-இல் அங்கே இதை விதியாகவே எழுதினார்கள். பழைய கதை என்று நினைக்க வேண்டாம், 2020 மே 22 அன்று கராச்சியில் விழுந்த பிஐஏ விமானத்திலும் பைலட்டுகள் கொரோனாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்ததாகத்தான் ஆரம்ப விசாரணைக்குப் பிறகு அந்த நாட்டு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். உயரம் அதிகமாக இருக்கிறது என்று கன்ட்ரோலர் எச்சரித்தும், பார்த்துக்கொள்கிறோம் என்று வந்து, சக்கரம் வெளியே இல்லாமல் எஞ்சின்கள் தரையில் உரச, திரும்ப மேலே ஏறி, இரண்டு எஞ்சினும் நின்று குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த 99 பேரில் பிழைத்தது இரண்டு பேர்.

ஆட்டோபைலட் விஷயத்துக்கு வருகிறேன். அது சொன்னதைச் செய்யும், சொன்னது சரியா என்று யோசிக்காது. 1972 டிசம்பரில் மயாமிக்குப் பக்கத்தில் ஈஸ்டர்ன் 401 என்ற விமானம், சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சின்ன பல்பு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்த பல்பையே நோண்டிக்கொண்டிருந்தார்கள், ஆட்டோபைலட்டின் உயரப் பிடி விடுபட்டு விமானம் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, சதுப்பு நிலத்தில் போய் விழுந்தது, 101 பேர் இறந்தார்கள். பாண்டி அண்ணன் கேட்ட "தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வேண்டிய" விதி எது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: என்ன நடந்தாலும் முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு எங்கே போகிறாய் என்று பார், அதற்குப் பிறகு பேசு. வரிசை மாறக் கூடாது. ஒருவர் கோளாறைப் பார்த்தால் மற்றவர் ஓட்டுவதை மட்டும் பார்க்க வேண்டும், கைமாற்றும்போது "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது இறங்குவது. இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் பட்ட அடி இதில்தான். ஓடுபாதைக்கு 1,000 அடி மேலே வரும்போது வேகம், இறங்கும் வீதம், நேர்கோடு, ஃபிளாப் (இறக்கையின் பின்னால் இறக்கும் தகடு), சக்கரம், எஞ்சின் சக்தி எல்லாம் வரம்புக்குள் வந்து நிலைத்திருக்க வேண்டும், வானம் தெளிவாக இருந்தால் 500 அடி வரை விடுவார்கள். அந்த உயரத்தில் ஒன்று சரியில்லை என்றாலும் மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும், அதுதான் கோ அரவுண்ட். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், சரியாகிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் எல்லையை முன்கூட்டியே எண்ணாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், காரணம் அந்த நேரத்தில் காக்பிட்டில் இருப்பவன் களைத்துப் போயிருப்பான், இறங்கிவிட வேண்டும் என்ற ஆசையும் இருக்கும், அவனை நம்பி அந்த முடிவை விட முடியாது. ஏசி அறையில் நிதானமாக உட்கார்ந்து முன்பே எடுத்த முடிவு அது.

2010 மே 22 மங்களூர். கராச்சி போலவே இதுவும் மே 22தான். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார், அதிக உயரத்தில் வந்து செங்குத்தாக இறங்கினார்கள், கோ-பைலட் மூன்று முறை கோ அரவுண்ட் என்று சொன்னார். டேபிள்டாப் ஓடுபாதை, அதாவது குன்றின் மேல் மேஜை மாதிரி அமைந்து ஓரத்தில் பள்ளம் இருப்பது, பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் போனார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். பத்து வருடம் கழித்து 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோடு, அதுவும் டேபிள்டாப், மழை, பின்னாலிருந்து காற்று, 8,858 அடி ஓடுபாதையில் பாதி தூரம் போய்த்தான் இறங்கினார்கள், கோ-பைலட் அங்கேயும் கோ அரவுண்ட் என்று சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. 21 பேர், இரண்டு பைலட்டுகளும் அதில் அடக்கம். ஆகவே அடுத்த முறை நீங்கள் பயணிக்கும் விமானம் இறங்கும் நேரத்தில் சடாரென்று மேலே ஏறினால் பைலட்டுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். கோ அரவுண்ட் செய்ததற்காக பைலட்டைத் தண்டிக்கக் கூடாது என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் கொள்கை. எரிபொருள் வீணாச்சே என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு மங்களூர் போதும்.

எரிபொருள் என்றதும் ஞாபகம் வருகிறது. போக வேண்டிய இடம், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று இடம், அதற்கு மேலும் ஜெட் விமானத்தில் 30 நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும் அளவு, இது தொடக் கூடாத கையிருப்பு. அதைத் தொட வேண்டி வரும் என்று தெரிந்த உடனே "மேடே ஃபியூயல்" என்று அறிவிக்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. 1990 ஜனவரியில் நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றி சுற்றிக் காத்திருந்தது. எரிபொருள் குறைகிறது, முன்னுரிமை வேண்டும் என்று சொன்னார்களே தவிர அவசரநிலை என்ற சொல்லைச் சொல்லவே இல்லை, கன்ட்ரோலருக்கு அதன் தீவிரம் போய்ச் சேரவில்லை. எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

குடி பற்றிச் சுருக்கமாக: நம் நாட்டில் பறப்பதற்கு முன் 12 மணி நேரம் தொடக் கூடாது, ஊதும் கருவியில் சுழி வர வேண்டும். அமெரிக்காவில் 8 மணி நேரம், 0.04 சதவீதம் என்று கொஞ்சம் இளக்கம். இங்கே ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் கூட ஆகாது. முதல் முறை மாட்டினால் மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம், இரண்டாவது முறை மூன்று வருடம், மூன்றாவதில் ரத்து. சளி மருந்து குடிப்பதற்கு முன்னால்கூட பாட்டிலைத் திருப்பிப் படிக்கும் பழக்கத்தைப் பையன் இப்போதே வைத்துக்கொள்ளட்டும்.

கூத்தாநல்லூர்காரன்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் விடுகிறேன். 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்கிறார்களே, இந்த விதிகளோடு அதற்குச் சம்பந்தம் உண்டா?

சேலம்செஸ்னா:

உண்டு. மேலே சொன்னேனே, ஆள் இருக்கும் விமானம் சாதாரணமாக 500 அடிக்குக் கீழே வராது. ட்ரோன் 400 அடியில் நின்றால் நடுவில் 100 அடி மிச்சம் இருக்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில்தான் 400 அடி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி, அதற்கும் உள்ளே போனால் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டபம் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.

தேனி பாண்டி:

எல்லோருக்கும் நன்றி, கடையில் வியாபாரத்தை விட்டுவிட்டு இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். பையனுக்கு அனுப்பினேன், அந்தச் சிவப்பு பச்சை விளக்கை வரைந்து போட்டோ அனுப்பியிருக்கிறான், சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. மங்களூரில் கோ-பைலட் மூன்று முறை சொன்னார் என்கிறீர்கள், சொல்லிவிட்டு ஏன் சும்மா இருந்தார்? நம் ஊரில் பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதானே வளர்க்கிறோம், இவன் நாளைக்கு என்ன செய்வான்? இன்னொன்று, தனியாகப் பறக்கும்போது ரேடியோ செத்துவிட்டால்?

வலதுசீட்:

முதல் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை அண்ணே. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் விமானம் ஒன்று சக்கரக் கோளாறை ஆராய்ந்துகொண்டே சுற்றியது, எரிபொருள் குறைவதை ஃப்ளைட் இன்ஜினியர் ஜாடை மாடையாகச் சொல்லியும் கேப்டன் காதில் ஏறவில்லை, தீர்ந்து விழுந்தது. டெனரிஃபிலும் கேஎல்எம் இன்ஜினியர் சந்தேகத்தைக் கேட்டார், கேப்டன் அடக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் சிஆர்எம் என்ற பயிற்சி வந்தது, காக்பிட்டில் சின்னவன் எப்படிப் பேச வேண்டும், பெரியவன் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது. "சார், கொஞ்சம் உயரமா இருக்கோமோ" என்று இழுக்கக் கூடாது, "உயரம் அதிகம், கோ அரவுண்ட்" என்று எழுதி வைத்த சொல்லையே சொல்ல வேண்டும், அது புத்தகத்தில் உள்ள சொல் என்பதால் மரியாதைக் குறைவும் ஆகாது. இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லை என்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும், பல நிறுவனங்களின் நடைமுறையிலேயே இது இருக்கிறது. எழுத்தில் இருந்தாலும் செய்வது கஷ்டம்தான், மறுக்க மாட்டேன். சிமுலேட்டரில் கேப்டன் வேண்டுமென்றே பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பார், நாம் எப்போது கையை வைக்கிறோம் என்று பார்ப்பார்கள். அதில் எனக்கு முன்னால் போன பையன் கடைசி வரை "சார், சார்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

டவர்பாலு:

ரேடியோ கேள்வி என்னுடையது. ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டு எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7600 போட வேண்டும், எங்கள் திரையில் உடனே தெரியும். 7700 பொதுவான அவசரம், 7500 கடத்தல், இந்த மூன்றும் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டால் கீழே வேறு மாதிரி வரவேற்பு இருக்கும். கண் பார்வையில் பறப்பவன் என்றால் தெளிந்த வானத்திலேயே இருந்து பக்கத்தில் இருக்கும் பொருத்தமான விமான நிலையத்தில் இறங்கிவிட வேண்டும், இறங்கியதும் தகவல் சொல்ல வேண்டும். டவர் உள்ள இடம் என்றால் நாங்கள் விளக்கைக் காட்டுவோம். பறப்பவனுக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம், விட்டு விட்டு எரியும் பச்சை என்றால் இறங்குவதற்குத் திரும்பி வா, நிலையான சிவப்பு என்றால் மற்றவனுக்கு வழி விட்டுச் சுற்றிக்கொண்டே இரு, விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. பார்த்துவிட்டேன் என்று சொல்லப் பகலில் இறக்கையை ஆட்ட வேண்டும், இரவில் லேண்டிங் லைட்டை இரண்டு முறை அணைத்துப் போட வேண்டும்.

தரையில் நிற்பவனுக்கு இதே நிறங்களுக்கு அர்த்தம் வேறு, பரீட்சையில் அங்கேதான் மாட்டிவிடுவார்கள். நாளைக்குப் போனில் அதைக் கேளுங்கள் பாண்டி.